ரப்பர் பட்டையில் ஒரு பேசிலார் சவ்வு

உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் சுருளைப் பிரித்து நீட்டினால், அதனுள் ஓடும் பேசிலார் சவ்வு சுமார் 35 மி.மீ. நீளம்தான் இருக்கும். நடுக்காதை ஒட்டிய அடிப்பகுதியில் அது குறுகி விறைப்பாக இருக்கிறது. நுனிக்குப் போகப் போக ஏறக்குறைய ஐந்து மடங்கு அகன்று தளர்ந்துவிடுகிறது. கீச்சென்ற ஒலி அடிப்பக்கத்தையும் கனத்த ஒலி நுனிப்பக்கத்தையும் அதிகம் ஆட்டும். படத்தில் பார்த்து அலுத்துப்போய், நேரில் பார்க்கவே இந்த மாடலில் இறங்கினேன்.

சென்னை பாரிமுனைப் பக்கம் அக்ரிலிக் வெட்டி வாங்கிப் பெட்டி ஒட்டினேன். மூடியில் 35 செ.மீ. நீளத்துக்கு ஒரு பிளவு, ஒரு முனையில் 5 மி.மீ., மறுமுனையில் 25 மி.மீ. அகலம். மேலே இழுத்து ஒட்டியது பெரியமேட்டில் கிடைத்த மெல்லிய உடற்பயிற்சி ரப்பர் பட்டை. உள்ளே குமிழி இல்லாமல் கொதித்து ஆறிய தண்ணீர். பக்கவாட்டில் சின்ன ரப்பர் ஜன்னல், அதைத் தள்ள ரிச்சி தெரு ஸ்பீக்கர். சவ்வின் மேல் கோலமாவு தூவினேன். அரிசி மாவு நம்ம ஊர் ஈரத்தில் கட்டிக்கொள்ளும், கல்மாவுதான் சரி.

போனிலிருந்து அதிர்வெண்ணைக் கூட்டினால் மாவு குதிக்கும் இடம் குறுகிய முனைக்கு நகர்கிறது, குறைத்தால் அகன்ற முனைக்குப் போகிறது. இரண்டு ஒலிகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் குதிக்கிறது. நரம்புக்குப் போகும் முன்பே ஒலி இங்கே பிரிந்துவிடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஸ்பீக்கரை அகன்ற முனைக்கு மாற்றினேன். ஸ்லோ மோஷனில் பார்த்தால், அலை அப்போதும் குறுகிய முனையிலிருந்தே கிளம்பி அகன்ற முனைக்கு ஓடுகிறது! தண்ணீரில் அழுத்தம் சவ்வு முழுக்க ஏறக்குறைய ஒரே கணத்தில் பரவிவிடும். விறைப்பான பகுதி உடனே அசைகிறது, தளர்ந்த பகுதி பிந்தி அசைகிறது. ஓடும் அலையின் திசையைச் சவ்வே முடிவு செய்கிறது. இதை முதலில் கண்டு சொன்னவர் கியார்க் ஃபான் பெகெஷி. காக்ளியா ஆய்வுக்காக 1961-இல் நோபல் பரிசு பெற்றவர், அவரும் இப்படி மாடல்கள் செய்தவர்தான்.

குறை ஒன்று உண்டு. மாவு குதிக்கும் இடம் அகலமாகப் பரவிக்கிடக்கிறது. பெகெஷி இறந்தவர்களின் காதில் பார்த்ததும் இதே மழுங்கிய மேடுதான். உயிருள்ள காதில், சவ்வின் மேல் வரிசையாக இருக்கும், நுனியில் நுண்ரோமங்கள் கொண்ட வெளி ரோமச் செல்கள் ஒலிக்கேற்பச் சுருங்கி நீண்டு சவ்வை மேலும் ஆட்டுகின்றன, அதனால்தான் அங்கே கூர்மை. ரப்பருக்கு அந்த உயிர் கிடையாது, எவ்வளவு இழுத்து ஒட்டினாலும் வராது.

அடுத்தது டெக்டோரியல் சவ்வு. ரோமச் செல்களின் மேல் படிந்து, ஒரு விளிம்பில் மட்டும் பிடிப்புள்ள ஜெல்லி போன்ற பட்டை அது. கீழே உள்ள பேசிலார் சவ்வு மேலும் கீழும் ஆடும்போது இரண்டுக்கும் இடையே வழுக்கல் ஏற்பட்டு ரோமங்கள் சாய்கின்றன. மெல்லிய சிலிக்கான் பட்டையை ஒரு ஓரம் மட்டும் ஒட்டி, நடுவில் பிரஷ் இழைகள் நட்டு, அந்தச் சாய்வைப் படம்பிடிக்கப் போகிறேன். சிலிக்கான் ஊற்றியாயிற்று, காய்ந்துகொண்டிருக்கிறது.