முழங்கால் பனியில் வயிறு தட்டி நின்ற பிக்கப்

கனடாவின் சட்பரிக்குச் சுரங்க வேலைக்கு வந்தவன் எவனும் இரண்டாவது குளிர்காலத்துக்குள் ஒரு பிக்கப் வாங்கிவிடுவான், நானும் வாங்கினேன். பழைய டொயோட்டா டகோமா, நாலு சக்கர டிரைவ். வாங்கிய கையோடு, வீட்டில் யாரையும் கேட்காமல், அதில் இருந்த சாதாரண டயர்களைக் கழற்றிவிட்டு மட் டெரெய்ன் டயர், அதாவது சேற்றுக்கென்று செய்த டயர், நாலு போட்டேன். மேலே இருக்கும் ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, பக்கச்சுவரில்கூடப் பல் வைத்திருந்தது. வாசலில் நிறுத்திவிட்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் போட்டுக்கொண்டு எந்தப் பனியிலும் போகலாம் என்றுதான் நினைத்தேன். தப்பு. எப்படித் தப்பு என்று புரிய ஒரு முழு மதியம் ஆனது.

வட ஒன்டாரியோவில் ஏரிக்கரைக் குடிலைக் காட்டேஜ் என்று சொல்ல மாட்டார்கள், கேம்ப் என்பார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெறப்போகும் நிலையில் இருந்த ஒரு பெரியவருக்கு அப்படி ஒரு கேம்ப் உண்டு. பிப்ரவரியில் ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கலாம், வா என்றார். நெடுஞ்சாலையிலிருந்து காட்டுப் பாதை ஒன்று பிரியும். மரம் வெட்டும் கம்பெனிகள் எப்போதோ போட்ட மண் ரோடு, குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டி அங்கே வராது. நான் கிளம்பி வருகிறேன், எனக்காகக் காத்திரு என்றுதான் அவர் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்த எனக்குப் புது டயரை வைத்துக்கொண்டு கை சும்மா இருக்குமா?

பனி முழங்காலுக்குச் சற்றுக் கீழே. அடியில் பழைய பனி இறுகிக் கிடந்தது, மேலே இரண்டு நாள் முன்பு விழுந்த பொடிப்பனி. ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு சுற்றும் கியரில், போட்டு உள்ளே விட்டேன். முதல் நூறு மீட்டர் சொர்க்கம், பானெட்டுக்கு மேலே பனி புகையாய்ப் பறக்கிறது. அப்புறம் வண்டி மெதுவாக ஆரம்பித்தது, நான் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தேன், சக்கரம் சுற்றியது, அந்தத் தீப்பெட்டிப் பட்டன்கள் மண்வெட்டி மாதிரி பனியை வாரிப் பின்னால் எறிந்தன, முப்பது விநாடியில் நாலு சக்கரமும் நாலு குழி தோண்டி முடித்துவிட்டன. கதவைத் திறந்தால் கீழே கால் வைக்க இறக்கமே இல்லை, பனியும் கதவின் அடிப்பக்கமும் ஒரே மட்டம். வண்டியின் அடிவயிறு முழுக்கப் பனிமேல் படுத்திருந்தது. எடையெல்லாம் வயிற்றில் இறங்கிவிட்டால் சக்கரத்தில் என்ன மிச்சம் இருக்கும்? சும்மா தொங்கும், அவ்வளவுதான். அந்த நிலையில் நாலு சக்கர டிரைவ் என்பது நாலு சக்கரமும் சேர்ந்து சும்மா சுற்றுவது.

பெரியவர் வந்தார். அவருடைய பிக்கப் என்னுடையதைவிடப் பழசு, டயர் கிட்டத்தட்ட என் அளவேதான், ஆனால் சாதாரணக் குளிர்கால டயர், பார்க்க ஒன்றுமே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் ஷவலை எடுத்து என் வண்டியின் சைலன்சர் வாயைச் சுற்றி இருந்த பனியை வாரினார். ஹீட்டருக்காக நான் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தது. கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்திருந்தால் வாசனைகூடத் தெரியாது. இந்தப் பதிவில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு காற்று கேஜை எடுத்து என் டயரில் வைத்தார். 40 பிஎஸ்ஐ காட்டியது, ஒரு சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம். அன்றைக்கு மைனஸ் 24. வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், ஆக 20 டிகிரி சூடு இருக்கும் கடைக்குள் நின்றபோது என் டயரில் 48 இருந்திருக்க வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 30-ஐ ஒட்டித்தான் கேட்கிறது. கடைக்காரர்கள் ஏன் அவ்வளவு ஏற்றினார்கள் என்று தெரியாது, ஆனால் நான் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவர் தன் வண்டிக்குப் போய், பனி தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி, நாலு டயரிலும் காற்றை இறக்கினார். புஸ்ஸென்று பத்து நிமிடம் அதே வேலை. 12-க்கு வந்ததும் நிறுத்தினார். டயர் அடியில் பிதுங்கி, பஞ்சர் ஆன வண்டி மாதிரி நின்றது. அதை ஓட்டிக்கொண்டு, நடக்கும் வேகத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் என் பின்னால் பதினைந்து மீட்டரில் வந்து நின்றார். என் சக்கரம் குழி வெட்டிய அதே பனியில் அவர் சக்கரம் மேலே ஏறி அமுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. இறங்கித் தடத்தைப் பார்த்தேன், தரையோடு தட்டிப்போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது.

விஷயம் இதுதான். என் வண்டி சுமார் 2 டன், இன்ஜின் பக்கம் கனம் என்பதால் முன்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 570 கிலோ போல, அதாவது 1250 பவுண்டு. டயருக்குள் இருக்கும் காற்றுதான் இந்த எடையைத் தூக்கி நிறுத்துகிறது. 40 பிஎஸ்ஐ இருந்தால் தரையைத் தொடும் தடம் 31 சதுர அங்குலம் போதும், ஏறக்குறைய என் கை ஒன்றை விரித்து வைத்த அளவு. 12-க்கு இறக்கினால் அது 100-ஐத் தாண்டும். இது காகிதக் கணக்கு. நிஜத்தில் பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொள்ளும், லோடு ஏற்றுவதற்கென்று செய்த கனமான டயராக இருந்தால் இன்னும் அதிகமாகத் தாங்கும், அதனால் அது அவ்வளவு சுலபமாகப் படியாது. என்னுடைய மட் டயர் அந்த ஜாதிதான். 12 வைத்தும் அவருடைய டயர் படிந்த மாதிரி என்னுடையது படியவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது. காற்றை இறக்கினால் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும். முன்னும் பின்னும் நீண்டு, ஜேசிபிக்குப் பதில் செயின் வண்டி வைத்த மாதிரி. பனியை முட்டித் தள்ளுவதற்குப் பதிலாக மேலே ஏறி அமுக்கும். ஊரில் தொழி உழும் டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டுவதும், இங்கே ஆட்கள் காலில் ஸ்னோஷூ கட்டுவதும் கிட்டத்தட்ட இதே யோசனைதான், எடையைப் பரப்பிக்கொடு, புதையாது.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். 38 அங்குலம், 44 அங்குல உயரத்தில் டயர் மாட்டி, பனியாற்றின் மேல் போகும்போது காற்றை 3, 4 பிஎஸ்ஐவரை இறக்கிவிடுவார்கள், தேவைப்பட்டால் அதற்கும் கீழே. நம்மூர் சைக்கிள் டியூபில் அந்த அளவு காற்று இருந்தால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். 2007-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, கனடாவின் ரெசலூட்டிலிருந்து உறைந்த கடலின் மேலேயே, 1996-ல் காந்த வடமுனை இருந்த இடம்வரைக்கும் டொயோட்டா ஹைலக்ஸ் ஓட்டிக்கொண்டு போனார்களே, அந்த வண்டிகளைத் தயார் செய்தது ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ்தான். இன்ஜின் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு அந்த 38 அங்குல டயர்தான் கண்ணில் நிற்கிறது.

சரி, அகல டயரா ஒல்லி டயரா? இங்கே காபிக் கடையில் இதை எடுத்தால் இரண்டு கட்சி ஆகிவிடும். என் பார்வையில் இரண்டு பேரும் சரி, வேறு வேறு பனியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊருக்குள் 15 சென்டிமீட்டர் விழுந்திருக்கிறது, அடியில் தார் ரோடு இருக்கிறது என்றால் ஒல்லி டயர் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே போய் கெட்டித் தரையைப் பிடிக்கும். காட்டில் அடித்தரை எட்டவே எட்டாது, அங்கே மிதந்தால்தான் பிழைப்பு, அகலமும் உயரமும் குறைந்த காற்றும் வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்வது என்னைப் போன்ற ஆள்: அகல டயர் போட்டுவிட்டு அதில் கல்லாகக் காற்றடித்து வைத்திருப்பவன். மிதக்கவும் மாட்டான், கிழிக்கவும் மாட்டான்.

மட் டயரைப் பற்றிக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். சேற்றுக்கு அது ராஜா. பெரிய பட்டன், பெரிய இடைவெளி, சுற்றும்போது சேற்றை உதறிவிடும். பனியில் உதறுவது நல்லதல்ல. பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும், பட்டன் இடுக்கில் பனி தங்கினால் பிடிமானம் கூடும். குளிர்கால டயரின் பட்டன் மேல் பிளேடால் கீறின மாதிரி மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவைதான் பனியைக் கவ்வுகின்றன. என்னுடையதில் பட்டனுக்கு ஒரு கீறல் இருந்தாலே அதிகம். ரப்பரும் வேறு. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுக ஆரம்பிக்கும், மைனஸ் 24-ல் கட்டைதான். காட்டில் மாட்டினதைவிட எனக்கு உண்மையில் பயம் தந்தது ஊருக்குள் ஒரு சிக்னலில், கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி மேல், பிரேக் பிடித்தும் வண்டி நிதானமாக, மரியாதையாக, முன்னால் நின்ற வேனை நோக்கிப் போன அந்த நாலு விநாடிதான். ஒரு ஜாண் இடைவெளியில் நின்றது.

டயரின் பக்கத்தில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனிச்செதில் படம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பாருங்கள், நல்லதுதான். சேறு, பனி இரண்டுக்கும் என்று சொல்லும் வெறும் எம் பிளஸ் எஸ் எழுத்தைவிட அது மேல், அந்த எழுத்துக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. ஆனால் மலைப் படத்துக்கான சோதனையும் அமுங்கிய பனியில் வண்டி எவ்வளவு நன்றாக வேகமெடுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. பனிக்கட்டியில் பிரேக் எப்படி, முழங்கால் பனியில் மிதக்குமா என்றெல்லாம் அந்தப் படம் வாக்குக் கொடுக்கவில்லை.

அன்றைய மீதிக் கதை: அவர் பட்டை மாட்டி என்னைப் பின்னால் இழுத்து வெளியே எடுத்தார். என் டயரையும் 12-க்கு இறக்கினோம். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கச் சொன்னார், சக்கரம் கொஞ்சம் சுற்றினாலே அது பவரைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடுமாம். சக்கரம் சுற்றுகிற மாதிரித் தோன்றினால் உடனே காலை எடு, பின்னால் வந்த தடத்திலேயே ரிவர்ஸ் போ, மறுபடி முன்னால் வா, ஒவ்வொரு தடவையும் ஒரு மீட்டர் கிடைத்தாலும் போதும் என்றார். நான் தோண்டி வைத்த குழிகளைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போக, அவர் தடத்திலேயே நான் போக, ஒரு கிலோமீட்டர் போனோம். அப்புறம் ஒரு ஏற்றம். அங்கே காற்று அடித்துச் சேர்த்த பனி இடுப்புவரை இருந்தது. அவர் வண்டியை நிறுத்தி, இதற்கு மேல் டயர் விஷயமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்னோஷூவைக் கட்ட ஆரம்பித்தார். மிச்ச வழி நடந்துதான் போனோம். மீன் ஒன்றும் மாட்டவில்லை.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சாதாரண ரிம்மில் 12, 10-க்குக் கீழே போகாதீர்கள், திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். அந்தக் குளிரில் அதைத் திரும்ப உட்கார வைப்பது பெரும் பாடு, ஐஸ்லாந்துக்காரர்களின் ரிம்மே வேறு. அதேபோல் காற்று குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது, பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறிக் கிழிந்துவிடும். அதனால் காற்றை இறக்கும் முன் திரும்ப ஏற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

மட் டயரை ஏப்ரலில் விற்றுவிட்டேன், வாங்க வந்த பையன் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், மனசு கேட்காமல் எல்லாக் கதையும் சொன்னேன், சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான். இப்போது மலைப் படம் போட்ட குளிர்கால டயர், அதே அளவு, பக்கச்சுவர் மெலிது. பின்னால் அச்சுக்கு மேலே நாலு மணல் மூட்டை, காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசாக இருப்பதால். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று வாங்கினேன், போன மாதம் மைனஸ் 28-ல் அதன் பிளாஸ்டிக் ஹோஸ் குச்சியாக விறைத்து, சுருளைப் பிரித்ததும் படக்கென்று ஒடிந்தது. இப்போது ரப்பர் ஹோஸ் மாற்றி, கம்ப்ரசரை ஹீட்டர் காற்று படுகிற மாதிரி என் காலடியிலேயே வைத்திருக்கிறேன்.