பென்ஸா, பி.எம்.டபிள்யூ.வா: ஒரு பழைய வண்டி தேடிய நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2024, சனி

ஒன்பது வருடம் ஓட்டிய சின்ன வண்டியைத் தம்பி மகனிடம் கொடுத்தாகிவிட்டது. கையில் 14 லட்சம். இந்தக் காசுக்குப் புதிதாகவே நல்ல வண்டி கிடைக்கும் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் பின்சக்கரம் இழுக்கும் ஜெர்மன் டீசல் செடான் ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது இருபது வருட ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் அதைத் தள்ளிப் போட மனசில்லை.

பட்டியலில் இரண்டே இரண்டு. மெர்சிடிஸ் ஈ250 சி.டி.ஐ., அதாவது 2009-இல் வந்த டபிள்யூ212 தலைமுறை. இன்னொன்று பி.எம்.டபிள்யூ. 520டி, 2010-இல் வந்த எஃப்10 தலைமுறை. 2012 முதல் 2014 வரை பதிவான வண்டிகள்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஐம்பது லட்சத்துக்கு வாங்கின வண்டியை ஏங்க பன்னிரண்டு லட்சத்துக்கு விக்கிறாங்க?" பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். பி.எம்.டபிள்யூ.வில் 1995 சி.சி. இன்ஜின், 184 குதிரைசக்தி, எட்டு கியர். பென்ஸில் 2143 சி.சி., 204 குதிரைசக்தி, முறுக்குவிசை (டார்க்) 500 நியூட்டன் மீட்டர். 520டி-யில் அது 380தான். காகிதத்தில் பென்ஸ் முந்துகிறது.

பயம் காட்டுவது வேறு விஷயம். 520டி-யில் இருக்கும் என்47 இன்ஜினின் டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் ஒட்டிய பக்கம் இருக்கிறது. 2007 முதல் 2011 வரை வந்த இன்ஜின்களில் இந்தச் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் ஏராளம். செயினின் விலை பெரிதில்லை. அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ இன்ஜினையோ கீழே இறக்க வேண்டும், அங்கேதான் காசு போகிறது.

'அப்படியானால் பென்ஸ்' என்று எழுதப் போனேன். இன்னும் கொஞ்சம் படித்தால், பென்ஸின் ஓஎம்651 இன்ஜினிலும் செயின் பின்பக்கம்தான்! அதில் பற்சக்கரங்கள் பாதி வேலையைச் செய்வதால் செயின் குட்டையாக இருக்கிறது, அதைப் பற்றிய புகாரும் குறைவு. பென்ஸுக்கு வேறொரு தலைவலி உண்டு: ஆரம்ப கால வண்டிகளில் டீசலைப் பீய்ச்சும் பீசோ வகை இன்ஜெக்டர்கள். அவை கெட்டுப்போய் நிறையப் பேர் நடுவழியில் நின்றார்கள். அப்புறம் கம்பெனியே சாதாரண சோலனாய்ட் வகைக்கு மாறிவிட்டது. ஆக 2012-க்குப் பிந்திய வண்டியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரிய கண்டம் கழிந்திருக்கும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன். பெரிய சர்வீஸ் சென்டர்களில் பதினைந்து வருடம் இருந்தவர், இரண்டு வண்டியையும் பிரித்துப் போட்டுப் பழகியவர். மனைவியின் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"சார், வண்டி விலைதான் இறங்கும். பார்ட்ஸ் விலை இறங்காது. நீங்க பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்குவீங்க, ஹெட்லைட்டு ஐம்பது லட்ச ரூபாய் வண்டியோட ஹெட்லைட்டுதான்" என்றார். பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்காதா என்றேன். கிடைக்கும், கண்ணாடியும் கதவும் தாராளமாக வாங்கலாம். வண்டியின் கணினிப் பெட்டி சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்கி மாட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள் என்று சிரித்தார்.

எது நீடித்து உழைக்கும் என்றதற்கு யோசிக்காமல் பென்ஸ் என்றார். சஸ்பென்ஷன் மென்மையானது, நம் ஊர்ப் பள்ளங்களைத் தாங்கும். பி.எம்.டபிள்யூ.வின் ரன்பிளாட் டயர் காற்றுப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும், ஆனால் பக்கச் சுவர் கல் மாதிரி. அந்த அடி எல்லாம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்முக்கும் அதன் ரப்பர் புஷ்ஷுக்கும் போகிறது.

கியர்பாக்ஸ் பற்றி அவர் சொன்னதைத்தான் முக்கியமாகக் குறித்துக்கொண்டேன். 520டி-யின் எட்டு கியர் பெட்டியைச் செய்வது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம். கார் கம்பெனி 'ஆயில் ஆயுளுக்கும் போதும்' என்கிறது. பெட்டியைச் செய்த இசட்.எஃப்.போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டரும் அதிலேயே ஒட்டியது, தட்டையே புதிதாகப் போட வேண்டும். "ஆயுள்னா யாரோட ஆயுள்? வாரண்டி ஆயுள் சார்" என்றார் அண்ணன்.

பென்ஸின் ஏழு கியர் பெட்டிக்குள் ஒரு மின்சுற்றுத் தகடு இருக்கிறது. அதில் இருக்கும் வேக சென்சார் போனால் தகட்டையே மாற்றி வண்டியோடு புரோகிராம் செய்ய வேண்டும். செலவில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் பென்ஸ். 2013 பதிவு, வெள்ளை, பதினொன்றரை லட்சம். புறநகரில் ஒரு பழைய கார் வியாபாரி. வண்டி மின்னியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கும்படி அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். இழுத்தேன். இரண்டடிக்குமேல் பழுப்பாக ஒரு கோடு, அளந்து போட்டது மாதிரி. சீட் தண்டவாளத்தில் துரு. காலடிக் கார்பெட் மட்டும் புதுசு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரையோர வீடுகளில் தண்ணீர் எங்கே நின்றது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நானே கழுத்தளவில் நடந்தவன். அப்போது காப்பீட்டுக் கம்பெனிகள் கழித்துக்கட்டிய வண்டிகள் ஏலத்தில் போய், துடைத்து, பாலிஷ் போட்டு, இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டியில் முன் கார்பெட்டுக்கு அடியில்தான் முக்கியமான வயர் இணைப்புகள் இருக்கின்றன. ஒரு வருடம் நன்றாக ஓடும். அப்புறம் ஒரு நாள் ஜன்னல் இறங்காது, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது. பூதத்தைப் பிடிப்பது மாதிரி அலைய வேண்டியதுதான்.

வியாபாரியிடம் கேட்டேன். "ஏசி தண்ணி சார்" என்றார்.

24 ஆகஸ்ட், சனி

520டி, 2012. மீட்டரில் 71,000. இன்னொரு வியாபாரி. அண்ணனே ஸ்கேனரோடு வந்தார். ஒவ்வொரு கணினிப் பெட்டியிலும் பழைய கோளாறுகள் பதிவாகியிருக்கும், அது நடந்தபோது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதோடு. டேஷ்போர்டு எண்ணைத் திருப்பியவர் இதைத் துடைக்க மறந்துவிட்டார். ஒரு கோளாறு 1,38,000-த்தில் பதிவாகியிருந்தது.

71,000 ஓடிய வண்டிக்கு 1,38,000-த்தில் எப்படிக் கோளாறு வரும்? அண்ணன் ஸ்கேனரை வியாபாரியின் முகத்துக்கு நேரே பிடித்தார். வியாபாரி டீ சொல்லியனுப்பினார். டீ நன்றாகவே இருந்தது.

8 செப்டம்பர், ஞாயிறு

நேற்று விநாயகர் சதுர்த்தி, கொழுக்கட்டையோடு மச்சானின் அறிவுரையும் கிடைத்தது. ஆறு லட்சத்துக்குப் பழைய டபிள்யூ211 பென்ஸ் ஒன்று இருக்கிறதாம், 2005 மாடல். வேண்டாம் என்றேன். அந்தத் தலைமுறையில் எஸ்.பி.சி. என்று மின்சாரத்தால் இயங்கும் பிரேக் போட்டார்கள். 2004-இல் 6,80,000 வண்டிகளையும் 2005-இல் வேறு கோளாறுகளோடும் சேர்த்து 13 லட்சம் வண்டிகளையும் திரும்ப அழைத்துப் பார்த்துவிட்டு, 2006-இல் பழைய முறைக்கே திரும்பினார்கள். பிரேக்கை எத்தனை முறை மிதித்தோம் என்று அந்தப் பெட்டி எண்ணிக்கொண்டே வரும். கணக்கு முடிந்தால் மாற்று என்று விளக்கு எரியும். அண்ணா சாலையில் மிதிக்கிற மிதிக்கு அந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்!

டெல்லி வண்டிகளும் மலிவாக வருகின்றன. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் ஓடக் கூடாது; 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் தள்ளிவிடுகிறார்கள். என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது மலிவு காணாமல் போய்விடும். விட்டேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாவது பென்ஸ், 2014, சாம்பல் நிறம், 88,000 கிலோமீட்டர். உரிமையாளரே விற்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினேன். என்னவென்று சொல்வது! கதவைச் சாத்தினால் கேட்கும் அந்த 'தொம்' சத்தத்துக்கே ஒரு லட்சம் கொடுக்கலாம். மிதித்ததும் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போகிறது.

பில்களைக் கேட்டேன். 2017 வரை கோர்வையாக இருக்கிறது. 2020-க்குப் பிறகும் இருக்கிறது. நடுவில் மூன்று வருடம் ஒன்றுமில்லை. "வெளியில பார்த்தோம் சார், பில் வாங்கல." அந்த மூன்று வருடத்தில் வண்டி 35,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரட்டை டர்போ டீசலுக்கு 35,000 கிலோமீட்டர் என்ன ஆயிலில் ஓடியது என்று தெரியாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. டர்போவின் உயிரே ஆயிலில்தான் இருக்கிறது.

பதின்மூன்றேகால் கேட்கிறார். இரண்டு நாள் தூக்கமில்லை. கதவுச் சத்தம் காதிலேயே இருக்கிறது.

22 செப்டம்பர், ஞாயிறு

அண்ணா நகரில் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர். அவருடையது 520டி, 2013 மார்ச், 94,000 கிலோமீட்டர், முதல் ஓனர். நிறம் ஒரு மாதிரி பழுப்பு, எனக்குப் பிடிக்கவில்லை. வலது பின்கதவில் நீளமாக ஒரு கீறல், மறைக்கவும் முயலவில்லை.

"உட்காருங்க தம்பி" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயரோடு. வண்டியின் கணினி கேட்கும் வரை காத்திருக்காமல் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார். கியர்பாக்ஸ் ஆயிலும் தட்டும் 82,000-த்தில். பேட்டரியை மாற்றினால் அதைக் கணினியில் பதிய வேண்டும். பதிந்த ரசீதை ஒட்டி வைத்திருக்கிறார். ஏன் இவ்வளவு அடிக்கடி ஆயில் என்று கேட்டதற்கு, "நோயாளிகிட்ட மட்டும் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுன்னு சொல்லிட்டு நான் சும்மா இருக்க முடியுமா?" என்றார்.

மறைமலை நகர் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இருக்கிறது. வண்டி பொருத்தப்பட்டது அங்கேதான். பதினோரு வருடத்தில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வடக்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

23 செப்டம்பர், திங்கள்

"ஒரு மாசமா பென்ஸ்தான் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" இரவுச் சாப்பாட்டின்போது மனைவி.

சொன்னேன். இப்போதும் சொல்வேன். இரண்டும் புதிதாக, ஒரே மாதிரிப் பராமரிப்பில் இருந்திருந்தால் பென்ஸைத்தான் எடுப்பேன். பதினோரு வருடம் கழித்து என் முன்னால் நிற்பது பென்ஸும் பி.எம்.டபிள்யூ.வும் இல்லையே, பில் இல்லாத மூன்று வருடமும் ஒரு டாக்டரின் கையெழுத்தும்தான் நிற்கின்றன.

அவளுக்கு இது புரிந்த மாதிரி தெரியவில்லை. "பழுப்பு கலரா?" என்றாள்.

29 செப்டம்பர், ஞாயிறு

காலை ஆறு மணிக்கு டாக்டர் வீட்டில் அண்ணனும் நானும். இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்பதற்காக முந்தின நாளே வண்டியைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் பின்பக்கத்திலிருந்து உரசுகிற சத்தம் வருகிறதா என்று அண்ணன் காது கொடுத்துக் கேட்டார். நான் மூச்சையே விடவில்லை. ஒன்றுமில்லை.

அடுத்து ஈ.ஜி.ஆர். கூலர், அதாவது இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர வைக்கும் பாகம். 2018 கோடையில் தென் கொரியாவில் 520டி-கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. சோதிக்காத வண்டிகளைச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்று அந்த அரசே சொன்னது. அந்தக் கூலரிலிருந்து குளிர்நீர் கசிந்து, கரியோடு சேர்ந்து சூட்டில் பற்றிக்கொள்வதுதான் காரணம். அதே வருடம் அக்டோபரில் உலகம் முழுக்க 16 லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இந்த வண்டியில் குளிர்நீர் அளவு சரியாக இருக்கிறது. அண்ணன் குழாயைக் கழற்றிப் பார்த்தார், உள்ளே காய்ந்த கரி மட்டும்தான்.

சீட் பெல்ட்டில் கோடு இல்லை. ஸ்கேனரில் 94,000-த்தைத் தாண்டிய பதிவு எதுவும் இல்லை. முன் லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் தேய்ந்திருக்கின்றன, டயர் நான்கும் ஒரு வருடம் தாங்கும். பேசி 11,60,000-க்கு முடிந்தது. மிச்சத்தில் ஒன்றரை லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டேன். செயின் என்றாவது சத்தம் போட்டால் அதற்கு.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், பானட்டில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஆர்.சி. மாற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 2028-இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மூன்றரை வருடம் இருக்கிறது. மனைவி நான்கு கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அந்த பென்ஸ் அளவுக்குச் சத்தம் வரலையே" என்றாள். அன்று அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது.

14 அக்டோபர், திங்கள்

நாளையும் நாளை மறுநாளும் மிக கனமழை என்று அறிவிப்பு. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிச்சயம். சாயங்காலமே வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றுகொண்டிருந்தது. ஆட்டோ, மாருதி, வாடகை வண்டிகள், கவர் போட்ட ஏதோ ஒன்று. போலீஸ் அபராதம் போடுவார்கள் என்று ஒருவர், போட மாட்டார்கள் என்று இன்னொருவர்.

ஒரு ஆல்டோவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. கைப்பிரேக் போட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அது நனையக் கூடாது. தூறல் ஆரம்பித்துவிட்டது. ஆல்டோக்காரர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், இது என்ன மைலேஜ் கொடுக்கும்?"