பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது

அந்தக் கணினியைப் பற்றி முதலில் வந்த புகார் சூட்டைப் பற்றியதல்ல, வேகத்தைப் பற்றியது. அப்போது நான் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் கணினிப் பராமரிப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டரிங் (காட்சியைக் கணினி கணக்கிட்டு முழுப் படமாக்கும் வேலை) செய்யும் பெண் ஒருவர் வந்து, "அண்ணா, நாற்பது நிமிஷத்துல முடியுற ஷாட் இப்ப ஒரு மணி நேரத்தைத் தாண்டுது. போன வாரம் போட்ட அப்டேட்தான் காரணம்னு நினைக்கிறேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய பதிப்பைத் திரும்ப நிறுவிப் பார்ப்பதிலேயே பாதி நாள் போனது. வெப்பநிலையைப் பார்க்கத் தோன்றவே இல்லை. அது வாட்டர் கூலிங் உள்ள பெட்டி: பம்ப் ஒன்று தண்ணீரை ஒரு மூடிய சுற்றில் ஓடவிட்டு, பிராசசரின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் வெளியேற்றும். தண்ணீர் ஓடுகிற இடத்தில் சூடு என்ன செய்துவிடும் என்ற அசட்டு நம்பிக்கை.

மறுநாள் ரெண்டரிங் ஓடும்போது பார்த்தால் பிராசசர் 98 டிகிரி செல்சியஸில் நின்றது. அந்த பிராசசரின் உச்ச வரம்பு 100. வரம்பை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் கணினி அணையவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. வேலை மட்டும் இழுத்தது. தொண்ணூறைத் தாண்டிய எண்ணைக் கண்டதும் பதற வேண்டும் என்பதில்லை. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசை பிராசசர், முழு வேலையின்போது 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் இது அந்த ரகம் இல்லை. முன்பு இதே வேலைக்கு எழுபதுகளில் இருந்த பெட்டி இது.

சரி, பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று, பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கைக் கழற்றி, இரண்டுக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். 98. அளவு கூடிவிட்டதோ என்று குறைத்துப் போட்டேன். 98. மூன்றாம் முறை திருகுகளைக் குறுக்குவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, மறுபடி கழற்றி, பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்தேன். சீராக, மெல்லிசாக, ஓரம் வரை பரவியிருந்தது. பிளாக் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தும் மூன்று முறை செய்தேன். பேஸ்ட் மாற்றுவது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. தெரியாத இடத்தில் நிற்கும்போது தெரிந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றுகிறது. (ரொம்ப வருஷம் முன்பு, புது கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவன் நான். அன்று முதல் பேஸ்ட் பக்கம் சந்தேகம் கொஞ்சம் அதிகம்.)

பம்ப்பைப் பார்க்காமல் இல்லை. பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், பம்ப் வேகம் 2,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று காட்டியது. காதை வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஓடுகிறது என்று எழுதி, பக்கத்தில் டிக் போட்டுவிட்டேன். ரேடியேட்டர் ஃபேன்களை முழு வேகத்தில் வைத்தேன். பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. காற்றோட்டம்தான் குறை என்றால் கதவைத் திறந்ததுமே கொஞ்சமாவது இறங்கியிருக்கும். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் உண்மையைச் சொன்னது கைதான். ஃபேன் வயரை ஒதுக்கக் கையை உள்ளே விட்டபோது ஒரு டியூபில் பட்டது. நல்ல சூடு. அடுத்த டியூபைத் தொட்டேன், அறையின் குளிர்ச்சியில் இருந்தது. ரேடியேட்டரும் அப்படியே, ஜில்லென்று. பிராசசர் கொதிக்கிறது, சூட்டை வெளியேற்ற வேண்டிய ரேடியேட்டருக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை.

கணக்கு எளிதுதான். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், சுமார் 70 வாட் சூடு அதை ஒரு டிகிரிதான் உயர்த்தும். 200 வாட் எடுக்கும் பிராசசர் என்றாலும் பிளாக்குக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் மூன்று டிகிரிக்குள்தான் வித்தியாசம். விரல் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நல்ல நிலையில் உள்ள சுற்றில் இரண்டு டியூபும் கைக்கு ஒன்றுபோலத்தான் தோன்றும். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்தால், தண்ணீர் நகரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக நகர்கிறது என்று பொருள்.

அப்புறம்தான் வெப்பநிலை வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை உச்ச எண்ணை மட்டும் பார்த்தேனே தவிர, அங்கே எப்படி ஏறியது என்று பார்க்கவில்லை. பேஸ்ட்டோ பிளாக்கின் பிடிமானமோ பிழை என்றால், வேலை தொடங்கிய ஓரிரு வினாடியிலேயே எண் உச்சிக்குத் தாவும். ரேடியேட்டரில் தூசி, ஃபேன் கோளாறு என்றால் மொத்தத் தண்ணீரும் சூடாக வேண்டும், அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். இங்கே இரண்டும் இல்லை. எண்பதுக்குத் தாவி, பிறகு ஒரு நிமிடத்துக்குள் சரசரவென்று 98-க்கு ஏறியிருந்தது. பிளாக்குக்குள் தேங்கி நின்ற கொஞ்சத் தண்ணீர் மட்டும் சூடேறும் கதை அது.

2,800 ஆர்பிஎம் பொய்யில்லை. அது பம்ப்பின் சுழலி சுற்றும் வேகம், அவ்வளவுதான். வழி அடைத்திருந்தாலும் அந்தச் சுழலி தன் அறைக்குள் இருக்கும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நிம்மதியாகச் சுற்றும். ஓட்டத்தை அளக்கும் மீட்டர் அந்தச் சுற்றில் இல்லை.

தண்ணீரை வடித்து பிளாக்கைப் பிரித்தேன். அதன் செம்பு அடித்தட்டில் சீப்புப் பற்களைப்போல நுண்ணிய வரிகள் உண்டு. இடைவெளி அரை மில்லிமீட்டரைவிடவும் குறைவு. அத்தனை இடைவெளியிலும் பசைபோல வெளிர்நிறப் படிவு. டியூப் மென்மையான பிவிசி ரகம். அதை வளைந்துகொடுக்க வைக்கும் ரசாயனம் நாளாவட்டத்தில் தண்ணீரில் கசிந்து, சாயத்தோடு சேர்ந்து, சுற்றிலேயே குறுகலான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. டியூபும் உட்புறம் மங்கிப் போயிருந்தது. அந்த டியூபைத் தேர்ந்தெடுத்ததும், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நிறம் போட்ட கூலன்ட்டை (சுற்றில் ஓடும் குளிர்விப்புத் திரவம்) ஊற்றியதும் நானேதான். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி பாட்டிலில் எழுதியிருந்தது. இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். எப்போது கேட்டாலும் யாராவது ஒருவருக்கு டெலிவரி நெருக்கடி.

மென்மையான பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், ஒரு மணி நேரப் பொறுமை. பிறகு காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசினேன். ரப்பர் வளையத்தை அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வைப்பதில்தான் உண்மையில் கை நடுங்கியது. அது பிசகினால் கசிவு நேராக மதர்போர்டின் மேல். டியூபை இபிடிஎம் ரப்பருக்கு மாற்றினேன், அதில் ரசாயனம் கசியும் அந்தத் தொல்லை இல்லை. கூலன்ட்டும் இம்முறை நிறமற்றதுதான்.

நிரப்பியதும் கணினியைப் போடவில்லை. பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து கழற்றி, அது தனியாக இயங்குவதற்காக 24 முனை கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்து, பம்ப்பை மட்டும் இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். காலையில் எல்லாம் உலர்ந்தே இருந்தன. ரேடியேட்டரில் சிக்கிய காற்று மட்டும் களகளவென்று சத்தம் போட்டது. பெட்டியை இருபுறமும் சாய்த்துச் சாய்த்து அதை வெளியேற்றினேன்.

அதே ஷாட், அதே வேலை. 71 டிகிரி. முப்பத்தொன்பது நிமிடம்.

இந்தப் பெட்டிக்கு ஊற்றிய அதே வாரத்தில், அதே பாட்டிலிலிருந்து கூலன்ட் ஊற்றிய இன்னும் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றைப் பிரித்தேன், வரிகளின் ஓரத்தில் படிவு தொடங்கியிருந்தது. மற்ற இரண்டையும் கேட்டேன். "இந்த வேலை முடியட்டும் அண்ணா" என்றார்கள். போகிற போக்கில் ஒவ்வொன்றின் டியூபையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.