ஆல்பம் முழுக்க ஒரே மிக்ஸ்: எங்கே நழுவுகிறது

பத்துப் பாட்டு உள்ள ஆல்பத்தில் முதல் பாட்டின் மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் சேர்த்த கலவை, நன்றாக அமைந்துவிட்டால், அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். அந்த செஷனை (பாட்டின் ட்ராக்குகளும் செட்டிங்கும் உள்ள கோப்பை) வேறு பெயரில் சேமித்து, பழைய ஆடியோவை நீக்கிவிட்டு, அடுத்த பாட்டின் ட்ராக்குகளைப் போட்டுவிடலாம். பிளக்-இன் (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்), ரூட்டிங் (ஒலி போகும் வழி), பஸ் (பல ட்ராக்குகள் சேரும் பொதுவழி) எல்லாம் தயாராக இருக்கின்றன. பாதி வேலை மிச்சம். ஆனால் ஓடவிட்டதும் பாடகர் தொண்டையை இறுக்கிக்கொண்டு பாடுவதுபோல் கேட்கும். இல்லாவிட்டால், முந்தைய பாட்டில் முன்னால் நின்றவர் இதில் இரண்டடி பின்னால் நிற்பார். செட்டிங் மாறவில்லை. உள்ளே போகும் லெவல் மாறிவிட்டது.

கணக்காகவே பார்க்கலாம். கம்ப்ரஸர் என்பது உரத்த இடங்களைத் தானாகக் குறைக்கும் பிளக்-இன். குரலுக்குப் போட்ட கம்ப்ரஸரின் த்ரெஷோல்ட் (குறைக்கத் தொடங்கும் அளவு) -20, ரேஷியோ 4:1, அதாவது அதைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலிலும் 1 மட்டும் வெளியே வரும். முதல் பாட்டில் குரல் த்ரெஷோல்டைத் தாண்டி 4 டெசிபல் மேலே போகிறது என்றால் கம்ப்ரஸர் 3 டெசிபல் குறைக்கும். கேட்க இதமாக இருக்கும். இரண்டாவது பாட்டைப் பதிவுசெய்தபோது ப்ரீஆம்ப் கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) 6 டெசிபல் கூடுதலாக இருந்திருக்கிறது. இப்போது குரல் 10 டெசிபல் மேலே போகிறது. கம்ப்ரஸர் குறைப்பது 7.5. ஃபேடரை (ட்ராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகோலை) இறக்கினால் சத்தத்தின் அளவு சரியாகும், நசுங்கிய குரல் நிமிராது. ஏனென்றால் ஃபேடர் இருப்பது பிளக்-இன்களுக்குப் பிறகு.

அதனால் முதல் பாட்டின் செட்டிங்கை டெம்ப்ளேட்டாகப் போடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை கிளிப் கெயின், அதாவது பதிவான ஆடியோவின் அளவையே பிளக்-இன்களுக்கு முன் மாற்றுவது. ஒவ்வொரு பாட்டிலும் குரல் ட்ராக்கின் சராசரி லெவலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சராசரியைக் காட்டும் ஆர்எம்எஸ் மீட்டரில் -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்ச வரம்பான 0-வுக்கு 18 டெசிபல் கீழே) அளவு பலருக்கும் பழக்கமானது. -20 என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை, எல்லாப் பாட்டுக்கும் அதே எண்ணாக இருந்தால் போதும். இதற்கு வழக்கமான பீக் நார்மலைஸ் உதவாது. அது உச்சத்தை மட்டும் பார்க்கும். மைக்கில் காற்றோடு வந்து மோதிய ஒரே ஒரு ‘ப’ முழு ட்ராக்கின் லெவலையும் தீர்மானித்துவிடும். கேட் (மெல்லிய ஒலியை மூடிவிடுவது), சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைத்து அடர்த்தி கூட்டுவது), கிட்டார் ஆம்ப் பிளக்-இன் என உள்ளீட்டின் அளவைப் பொறுத்து வேலை செய்யும் எதற்கும் இதே விதிதான்.

லெவல் சரியான பிறகும் எல்லா செட்டிங்கும் பாட்டுக்குப் பாட்டு கூடவே வராது. ரூட்டிங், பேன் இடங்கள் (இடமா, வலமா, நடுவா என்பது), ரிவெர்ப் (அறையின் முழக்கம்) வகை, எல்லா ஒலியும் கடைசியில் சேரும் மிக்ஸ் பஸ்ஸில் உள்ள பிளக்-இன்களின் வரிசை இவையெல்லாம் தைரியமாக வரலாம். பேஸ் கிட்டாரின் ஈக்யூ (எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது) வராது. நான்கு கம்பி பேஸில் தாழ்ந்த ‘ஈ’ 41 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பியின் ‘ஏ’ 55 ஹெர்ட்ஸ். ‘ஈ’ சுருதியில் உள்ள பாட்டுக்கு 82 ஹெர்ட்ஸில் கொடுத்த ஏற்றம், அடிநாதத்தின் இரண்டாம் மடங்கைத் தூக்கிக் கொடுத்தது. ‘ஜி’ சுருதிப் பாட்டில் அடிநாதம் 49, இரண்டாம் மடங்கு 98. அந்த ஏற்றம் இரண்டிலும் நேராக உட்காராது. நடுவில் வரும் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் தனியாக வீங்கிக் கேட்கும்.

டிலேயை (எதிரொலியை) டெம்போவோடு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகத்தோடு, இணைத்திருந்தால் கவலையில்லை. மில்லி செகண்டில் எண் போட்டிருந்தால் 60000-ஐ டெம்போவால் வகுத்து மாற்றவேண்டும். ரிவெர்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 70 டெம்போவில் 2 நொடி டீகே (முழக்கம் தேய்ந்து மறையும் நேரம்) என்பது இரண்டு தட்டுக்குச் சற்று அதிகம். அதே 2 நொடி 130 டெம்போவில் நான்கு தட்டுக்கு மேல் இழுத்து, சொற்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிவிடும். ரிவெர்பின் நிறம் அப்படியே இருக்கட்டும், நீளம் டெம்போவுக்கு ஏற்ப மாறட்டும்.

எல்லாப் பாட்டையும் ஒரே டைம்லைனில் வரிசையாக வைப்பதா, தனித்தனி செஷனா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஒரே மேடையில், மைக் நகராமல் பதிவான கச்சேரி என்றால் ஒரே டைம்லைன்தான் சிறந்தது என்பேன். கருவியும் மைக்கும் பாட்டுக்குப் பாட்டு மாறும் ஸ்டுடியோ ஆல்பத்துக்கு அது பாரம். மூன்றாவது பாட்டில் டெம்போவைத் திருத்தினால் பின்னால் உள்ள அத்தனையும் நகர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. தனி செஷன் வைத்து, பதிவு மென்பொருளைப் பொறுத்து, ப்ரோ டூல்ஸில் ‘இம்போர்ட் செஷன் டேட்டா’, கியூபேஸில் ப்ராஜெக்டிலிருந்து ட்ராக் இறக்குமதி, ரீப்பரில் ட்ராக் டெம்ப்ளேட் என்று எடுத்துக்கொள்வது எளிது. அப்படி எடுக்கும்போது இரண்டு செஷனின் பேன் லா (நடுவில் வைத்த ஒலியை எவ்வளவு குறைப்பது என்ற விதி) ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒன்றில் 0, மற்றதில் -3 என்று இருந்தால், நடுவில் நிற்கும் மோனோ ட்ராக்குகளான குரல், கிக், பேஸ் மூன்றும் ஓரங்களோடு ஒப்பிட 3 டெசிபல் இறங்கிவிடும். எதையும் தொடாமலே குரல் பின்வாங்கியிருந்தால் முதலில் சந்தேகப்படவேண்டிய இடம் இது.

முடிவான முதல் பாட்டை எக்ஸ்போர்ட் செய்து மற்ற எல்லா செஷனிலும் ஒரு ட்ராக்காக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அந்த ட்ராக் மிக்ஸ் பஸ் வழியாகப் போகக்கூடாது, நேராக அவுட்புட்டுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே கம்ப்ரஸரைக் கடந்து வந்த பாட்டு மறுபடி அதே கம்ப்ரஸரில் நுழையும்; அதற்கு இணையாக்கப் போய் புதுப் பாட்டையும் கெடுத்துவிடுவோம்.

ஒப்பிடும்போது முழுப் பாட்டின் எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவு) எண்ணை நம்பி ஏமாறக்கூடாது. அமைதியான நீண்ட முகப்பு உள்ள பாட்டில் அந்தச் சராசரி கீழே இறங்கும். அதைப் பார்த்து ஏற்றினால் பல்லவி மற்ற பாட்டுகளைவிட உரக்க வந்து நிற்கும். 3 நொடி சராசரி காட்டும் ஷார்ட் டெர்ம் மீட்டரை வைத்துப் பல்லவியோடு பல்லவியை ஒப்பிடவேண்டும். இன்னும் பயனுள்ளது, பல்லவியில் குரல் பஸ்ஸைத் தனியாகவும் இசையைத் தனியாகவும் அளந்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வது. முதல் பாட்டில் குரல் இசையைவிட 2 குறைவு, நான்காவதில் 5 குறைவு என்றால், பின்னால் நிற்கிறது என்று காது சொன்னதற்கு எண் கிடைத்துவிட்டது. அதற்காக மெதுவான பாட்டை அதிரடிப் பாட்டின் சத்தத்துக்கு ஏற்றவேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபையில் ஆல்பமாக வரிசையாகக் கேட்கும்போது எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு கெயின்தான் மாறும். நாம் வைத்த ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது மானிட்டர் வால்யூம். சத்தம் குறையக் குறைய தாழ்ந்த ஒலிகள் காதுக்கு இன்னும் வேகமாகக் குறையும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். திங்கட்கிழமை மெதுவாக வைத்து மிக்ஸ் செய்த பாட்டில் பேஸ் கூடியிருப்பதும், வெள்ளிக்கிழமை உரக்க வைத்துச் செய்ததில் குறைந்திருப்பதும் அதனால்தான். -20 டிபிஎஃப்எஸ்-இல் பிங்க் நாய்ஸ் (அளவெடுக்கப் பயன்படும் சீரான இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒலிமானியின் சி வெயிட்டிங் அமைப்பில் 83 டெசிபல் தருமாறு வைப்பது பெரிய அறைகளின் வழக்கம். சிறிய அறைக்கு 76 போதும். அந்த இடத்தில் குமிழில் ஒரு கோடு போட்டுவிட்டால் ஆல்பம் முடியும்வரை அதுதான் இடம்.

நாளுக்கு ஒரு பாட்டு என்று முடித்துக்கொண்டே போவதைவிட, முதலில் பத்துப் பாட்டுக்கும் ஃபேடர் பேலன்ஸ், பிறகு பத்துக்கும் குரல் ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போதே அளவு தானாக மாறும்படி வைப்பது) என்று சுற்றுச் சுற்றாகப் போவது நல்லது. களைத்த காதுக்கு ஹை ஃப்ரீக்வென்சி (உச்ச ஒலிகள்) குறைவாகக் கேட்கும், கை அதைக் கூட்டப் போகும். அந்தக் களைப்பு முழுவதும் ஒரே பாட்டின் தலையில் விழக்கூடாது.

கடைசியில் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, ஆல்பம் வரிசையில் புதிய செஷனில் அடுக்கி, திரையைப் பார்க்காமல் ஒவ்வொரு பல்லவியிலும் இருபது நொடி கேட்டுத் தாண்டவேண்டும். கை தானாக வால்யூம் குமிழை நோக்கிப் போகும் இடத்தில் அந்தப் பாட்டின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். திருத்தம் பெரும்பாலும் குரல் பஸ்ஸில் அரை டெசிபல், பேஸில் ஒரு டெசிபல் அளவுதான். மிக்ஸ் பஸ்ஸின் பிளக்-இன் ஒன்றில் கை வைத்திருந்தால் மட்டும், அதே மாற்றத்தை மற்ற ஒன்பது செஷனிலும் செய்து, பத்தையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யவேண்டும்.