பார்சல் போய்ச் சேர்ந்த பிறகும் ரசீதுக்கு வேலை இருக்கிறது

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து ஆன்லைனில் கவரிங் நகை விற்கிறேன். பாதி ஆர்டர் உள்ளூரில் போகும், மீதி மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். என்னைப் போன்ற தனியாள் தொழில்காரர்கள் வருமான வரி தாக்கல் செய்யும்போது ரசீதுகளைச் சேர்த்து அனுப்ப வேண்டியதில்லை. அதனாலேயே டெலிவரி ஆனதும் ஷிப்பிங் பேப்பரைக் கிழித்துப் போடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சென்ற ஆண்டு, வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய் ஆணையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய மதிப்பீட்டு ஆண்டு (முந்தைய ஆண்டு வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு) ஒன்றில் நான் காட்டியிருந்த அஞ்சல், கூரியர் செலவுக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. கணக்குப் பார்த்துத் தரும் அக்காவுக்குப் போன் போட்டேன். "பயப்படாதேம்மா, கேட்கத்தான் செய்வாங்க. காசு கட்டின ரசீது மட்டும் போதாது, எந்த ஆர்டருக்கு அனுப்பினேன்னும் காட்டணும்" என்றார்.

உட்கார்ந்து தேடியபோதுதான் அந்தப் பேச்சின் அருமை புரிந்தது. மெல்பர்னுக்குப் போன ஓர் ஒட்டியாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் பக்கம், பணம் வந்ததைக் காட்டும் வங்கிப் பதிவு, அஞ்சலக ரசீது, டிராக்கிங் எண், டெலிவரி தேதி எல்லாம் ஒரே ஆர்டர் எண்ணின் கீழ் சேர வேண்டும். ஃபைலில் இருந்த ரசீதோ வெற்றுத்தாள் போல இருந்தது. சூட்டில் அச்சாகும் தாள் அது, நம் ஊர் வெக்கைக்குத் தாங்காது. ஓரத்தில் தேதி மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. வாங்கிய அன்றே போனில் எடுத்த படம் கைகொடுத்தது. டிராக்கிங் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தால் தகவல் இல்லை என்றது. அதையும் அப்போதே பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தேன். இப்படி மின்வடிவில் வைத்திருப்பதை ஆணையம் ஏற்கிறது. ஒரு பார்சலுக்கு ஒரு வரிசை என்று எக்செல் பட்டியல் போட்டு, படங்களோடு அனுப்பினேன். ஓரிரு கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், சரி என்று முடித்துவிட்டார்கள்.

எத்தனை வருடம் வைத்திருப்பது? குறைந்தது 5 ஆண்டுகள். ஆனால் பார்சல் அனுப்பிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, மதிப்பீட்டு ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். 2023-இல் சம்பாதித்தது மதிப்பீட்டு ஆண்டு 2024-இல் வரும். அதன் ஆவணங்களை 2028 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். ஆக, 2023 பொங்கலுக்கு அனுப்பிய பார்சலின் ரசீது ஏறக்குறைய 6 ஆண்டுகள் நம்மிடம் இருக்க வேண்டும்.

பொருள், சேவை வரிக்கு (ஜிஎஸ்டி) பதிந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கு 9 விழுக்காட்டுக்குப் பதில் பூஜ்ய விகிதம் போடலாம், ஆனால் பொருள் நாட்டை விட்டுப் போனதற்கு ஆதாரம் வேண்டும். அது இல்லையென்றால் வரியைக் கைக்காசில் கட்டும்படி ஆகலாம். சென்னையிலிருந்து சரக்கு இறக்கினால் சுங்க அனுமதியும் அதன் ஆவணங்களும் 5 ஆண்டுகள், அனுமதி கிடைத்த நாளிலிருந்து.

வாங்கியவர் "பொருள் வரலை" என்று சிறு உரிமைக் கோரல்கள் நடுவர் மன்றத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஒப்பந்த வழக்குக்குக் கால வரம்பு 6 ஆண்டுகள். ஆகவே கல்யாண செட் போன்ற பெரிய தொகை ஆர்டர்களின் ஆவணங்களை மட்டும் அதுவரை விட்டுவைப்பேன்.

அதற்காக எல்லாவற்றையும் காலமெல்லாம் வைத்திருப்பதும் சரியில்லை. பார்சல் லேபிளில் அடுத்தவர் வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன. சட்டத்துக்கோ தொழிலுக்கோ தேவைப்படாத தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. நம்மை நம்பித்தான் முகவரி கொடுத்தார்கள். அதனால் கெடு முடிந்த ஆண்டின் ஃபோல்டரை ஜனவரியில் மொத்தமாக அழிக்கிறேன், மேகச் சேமிப்பில் உள்ள நகலையும் சேர்த்து. காகித லேபிள்களைத் துண்டு துண்டாக வெட்டிய பிறகுதான் குப்பையில் போடுவேன்.