பங்குச்சாமிக்கு ஒரு வாழ்த்து

இன்று ஆகஸ்ட் 4. பங்குக்குருக்களின் (பங்கு என்பது ஒரு ஊர்க் கத்தோலிக்க சபை; அதைக் கவனிக்கும் சாமியார்தான் பங்குக்குரு) பாதுகாவலர் புனித ஜான் மரிய வியான்னி திருநாள். லத்தீன் மண்டையில் ஏறாமல் குருமடத்தில் திணறியவர். 1818-ல் பிரான்சில் ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்குப் போனார். அங்கே சுமார் 230 பேர்தான். 1859-ல் சாகும்வரை 41 வருஷம் அதே பங்கு. கோடையில் நாளுக்கு 16 மணி நேரம்கூட உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் வந்து சொல்லும் பாவ அறிக்கை, கேட்பாராம்!

எனக்கு எங்கள் பங்குச்சாமி ஞாபகம்தான் வருகிறது. அப்பாவுக்கு மூச்சு இழுத்த ராத்திரி, இரண்டு மணிக்குப் போன் போட்டேன். கொட்டுகிற மழையில் பைக்கில் வந்தார். நற்கருணை அப்பம் வைத்த சிமிழ் மட்டும் நனையாமல் சட்டைக்குள் இருந்தது. அப்பாவின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் நோயாளிகளுக்கான புனித எண்ணெய் பூசினார். பிறகும் கிளம்பவில்லை, அம்மா பக்கத்திலேயே ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். காலைப் பூசைக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் போனார்.

திருநாள் வாழ்த்துகள், சாமி. ராத்திரி சாப்பாடு நம்ம வீட்டில். அம்மா சொல்லச் சொன்னாங்க.