லேசரை நிறுத்திய பிறகு: மீக்கடத்தி மென்படல ஆய்வும் வாய்மொழித் தேர்வும்

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது, தேர்ச்சி பெற்றுவிட்டேன். இது இரண்டாவது முயற்சி. முதல் முறை, ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டு வருமாறு குழு திருப்பி அனுப்பியது. அந்த ஆறு மாதக் கசப்பு இன்னும் முழுமையாக நீங்கவில்லை. உயர்வெப்பநிலை மீக்கடத்திகளை, அதாவது ஒப்பீட்டளவில் உயர்ந்த வெப்பநிலையிலேயே மின்தடையை முழுமையாக இழக்கும் பொருள்களை, லேசரால் ஆவியாக்கி, தளம் எனப்படும் சூடான அடித்தகட்டின் மேல் மென்படலமாக வளர்த்து, இதே தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்களுக்காக, நினைவு மங்கும் முன் எழுதிவைக்கிறேன்.

1986-இல் இயற்பியலாளர்கள் பெட்நார்ஸும் முல்லரும் இவ்வகை மீக்கடத்திகளைக் கண்டறிந்ததையும், 1987-இல் நான் வளர்த்த பொருளான இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடின் மீக்கடத்து வெப்பநிலை, திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினைக் கடந்ததையும் நான் வாரக்கணக்கில் படித்தேன். இரண்டு முறையும் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

முதல் தேர்வில் என்னை வீழ்த்தியது மிக எளிய கேள்வி: “லேசரை நிறுத்திய பிறகு என்ன செய்தீர்கள்?” அறை வெப்பநிலைக்குக் குளிர்வித்தேன் என்று ஒரே வரியில் சொன்னேன். எந்த ஆக்சிஜன் அழுத்தத்தில், எங்கே நிறுத்தி வைத்து, ஏன் என்று அடுத்தடுத்துக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. உண்மையில், ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸில், 0.3 மில்லிபார் ஆக்சிஜனில் படியும்போது அந்தப் படலம் இன்னும் மீக்கடத்தியே அன்று. ஆக்சிஜன் குறைந்த நாற்கோணப் படிகமாகத்தான் அது இருக்கிறது. குளிரும்போது ஆக்சிஜன் உள்ளே புகுந்து, செம்பு-ஆக்சிஜன் சங்கிலிகள் நிறைந்து, படிகம் செஞ்சாய்சதுர அமைப்புக்கு (மூன்று பக்கங்களும் வெவ்வேறு நீளமுள்ள அமைப்பு) மாறிய பின்னரே 90 கெல்வினை ஒட்டிய மீக்கடத்து நிலைமாற்றம் கிடைக்கும். வெப்பம் மிகுந்திருந்தால் படிகம் போதிய ஆக்சிஜனைத் தக்கவைக்காது. மிகவும் குறைந்துவிட்டால் ஆக்சிஜன் ஊடுருவ நெடுநேரமாகும். ஆகவேதான் பல நூறு மில்லிபார் ஆக்சிஜனை நிரப்பி, 450 முதல் 500 டிகிரிக்குள் அரைமணி நேரமாவது நிறுத்திவைக்கிறோம். என் மூன்றாவது படலம் 60 கெல்வினில்தான் மின்தடையை இழந்தது. ஆக்சிஜன் குறைந்தால் நீளும் அதன் சி அச்சு (படிக அலகின் உயரம்) 1.168 நானோமீட்டருக்குப் பதிலாக 1.173 என்று என் அட்டவணையிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் முறைக்கு நான் செய்த ஆயத்தத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு தாள்தான். நேரத்தைக் கிடையாக வைத்து, வெப்பநிலைக்கு ஒரு கோடும் ஆக்சிஜன் அழுத்தத்துக்கு ஒரு கோடுமாக, சூடேற்றத் தொடங்கியதிலிருந்து படலம் வளர்த்த கலத்தைத் திறக்கும் வரை கையால் வரைந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் படிகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதினேன். நண்பர்களோடு மாதிரித் தேர்வு நடத்துவது பலருக்குப் பயன்படலாம். தனியே எழுதிப் பழகும் எனக்கு அது பதற்றத்தையே தந்தது.

மற்றவை சுருக்கமாக:

- சூடேற்றியின் வெப்பநிலை வேறு, படலப் பரப்பின் வெப்பநிலை வேறு. எதை அளந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.
- ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தளத்தின் அணிக்கோவை (அணுக்களின் அடுக்கமைப்பு) படலத்தோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் மின்கடவாமாறிலி (மின்புலத்தில் ஆற்றலைத் தேக்கும் திறனின் அளவு) மிகப் பெரியது என்பதால் நுண்ணலைக் கருவிகளுக்கு ஏற்றதன்று.
- நீலக்கல் தளமென்றால் இடையில் சீரியம் ஆக்சைடு அடுக்கு ஏன் தேவை என்பது தெரிந்திருக்க வேண்டும்.
- தளம் போதிய சூடின்றி இருந்தால் ஏ அச்சுத் துகள்கள் (சி அச்சுக்குப் பதிலாக ஏ அச்சு மேல்நோக்கி நிற்கும் படிகத் துகள்கள்) முளைக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் அவற்றைச் சுட்டிக்காட்டத் தெரிய வேண்டும்.

இரண்டாம் தேர்வில் அதே தேர்வாளர் அதே கேள்வியோடு தொடங்கினார். நான் எழுந்து சென்று கரும்பலகையில் அந்த இரு கோடுகளையும் வரைந்தேன். அவர் 500 டிகிரியைச் சுட்டி, “இங்கே நிறுத்தாமல் விட்டால்?” என்றார். என் மூன்றாவது படலத்தின் இரண்டு எண்களையும் அதன் அருகே எழுதினேன். அதன் பிறகு பேச்சு, இரு படிகத் துகள்கள் சேரும் எல்லையில் அமையும் துகள் எல்லைச் சந்திகளுக்குச் சென்றது.